இரண்டாம் ஊதல்

மார்ச் 4, திங்கள்

தூக்கம் வரவில்லையென்றால் எதையாவது எழுதிப் பாரும்மா என்று ரூத் போனில் சொன்னாள். நாகர்கோவில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அதற்குள் பெற்றவளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டாள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. சரி, எழுதுகிறேன்.

என் பேர் ஜெபக்கனி. அம்பாசமுத்திரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் டைம் ஆபீஸ் கிளார்க். எட்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஆட்டம். போன மாதம் ஊது மெஷின் ஒன்று வந்தது. டிவி ரிமோட் அளவு இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகி டிரைவர் ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் காட்டும். முப்பதைத் தாண்டினால் ரோட்டில் போலீஸ் பிடிக்கும். எங்கள் முதலாளிக்கு அதெல்லாம் கிடையாது, சைபருக்கு மேல் ஒன்று காட்டினாலும் சாவி தரக்கூடாது. அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தினமும் விடிகாலை நாலரைக்குப் பதினோரு டிரைவர்கள் என் முன்னால் வரிசையில் நின்று ஊதுகிறார்கள். பெயரும் வைத்தாகிவிட்டது. ஊதக்கா.

எனக்கு மெஷினே வேண்டாம். ஒருத்தன் வாசலில் நுழையும்போதே வாடையை வைத்துச் சொல்லிவிடுவேன். இதை இன்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது இசக்கிராஜ், அவன்தான் உள்ளதிலேயே சின்ன டிரைவர், வாய் சும்மா இருக்காது, "அப்பம் அந்தக் காலத்துல ஏங்க்கா..." என்று ஏதோ ஆரம்பித்தான். பக்கத்தில் நின்றவர் அவன் காலை மிதித்தார். நான் கேட்காத மாதிரி ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.

மார்ச் 6, புதன்

குழல் பாக்கெட் தீர்ந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு குழல், ஊதியதும் தூர எறிய வேண்டும் என்பதுதான் விதி. மதுரையிலிருந்து வர வேண்டுமாம். "வர்ற வரைக்கும் பழசையே கழுவி வச்சுக்கம்மா" என்றார் மேனேஜர் ஆவுடையப்பன். பதினொன்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்து, டிபன் டப்பாவில் அடுக்கினேன். நாளைக்கும் இதே பாடு.

மார்ச் 8, வெள்ளி

மூன்றாவது நாளாகக் கழுவுகிறேன். இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன். காஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். இன்னும் மூன்றே ஆகவில்லை.

காலையில் தவசிக்கண்ணு ஊதிவிட்டு, "சரியா தங்கச்சி?" என்று கேட்டார். நாலு ஐம்பது முதல் பஸ் அவருடையது. திருநெல்வேலி போய்த் திரும்புவது. "டிரைவரே, இங்க தங்கச்சி கிங்கச்சியெல்லாம் கிடையாது. சைபர். சாவி எடுத்துட்டுப் போங்க" என்றேன். முகம் வாடவில்லை. அந்த மனிதருக்கு எதுதான் உறைக்கும்.

அவர் குடியை விட்டு எட்டு வருடம் ஆகிறதாம். ஷெட்டில் எல்லோரும் அதை ஒரு அதிசயம் போலப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஞானதுரையை ஒயின் ஷாப்புக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தவர் அவர்தான். முதல் பஸ் அப்போது என் வீட்டுக்காரருடையது. அவர் செத்த பிறகு இவர் குடியை விட்டாராம். யாருக்கு வேண்டும்?

மார்ச் 10, ஞாயிறு

எனக்கு லீவு. ஞாயிறுகளில் மேனேஜரே ஊதச் சொல்வார். நாலு ஐம்பதுக்குக் குழாயைத் திறந்து வாளியில் விட்டேன். வாளி நிறைந்து வழிந்தது. பிறகு மூடினேன்.

கோவில் ஆராதனைக்குப் போய்வந்து சேமியா பாயசம் வைத்தேன். நான் ஏலக்காய் போடுவதில்லை. ஏலக்காய் இல்லாமல் இது என்ன பாயசம் என்று ரூத் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். பிடிக்காது, அவ்வளவுதான்.

மார்ச் 11, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நாலரை. வரிசையில் முதலில் தவசிக்கண்ணு. டப்பாவைத் திறக்கும்போது அவருக்கான குழல் கை தவறிக் கீழே விழுந்தது. கிரீஸ் படிந்த தரை. முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது. பஞ்சில் நனைத்து உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் துடைத்துச் செருகினேன். சுத்தத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஊதினார். 38.

நான் இரண்டு தடவை பார்த்தேன். பின்னால் நின்ற இசக்கிராஜ் எட்டிப் பார்த்து, "யய்யா!" என்றான்.

"என்ன தங்கச்சி காட்டுது?"

"முப்பத்தெட்டு."

அவர் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நான் குடிக்கலையே. எட்டு வருசமாச்சு, ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. குழல்ல என்னமோ அடிக்கி பாரு, மூக்கு எரியுது."

"குழல்ல இல்ல டிரைவரே. ஒங்க வாயில."

விதி என்னவென்றால், எண் காட்டினால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொல்ல வேண்டும். ரெஜிஸ்டரில் அதற்கென்று இரண்டாவது கட்டம் உண்டு. மணி அப்போது நாலு நாற்பது. முதல் பஸ் நாலு ஐம்பது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் ஸ்டாண்டில் நின்றிருக்கும். சாவியை இசக்கிராஜிடம் கொடுத்தேன். மற்ற பத்துப் பேரும் சைபர்.

தவசிக்கண்ணு ஷெட் வாசலில் விடியும் வரை நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு தடவை ஊதுதேன், பாரு" என்று இரண்டு முறை வந்து கேட்டார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். மேனேஜர் எட்டு மணிக்கு வந்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் ரெஜிஸ்டர் பார்க்க நன்றாக இருக்காது. 36 என்று எழுதினேன். நேரம் கழித்து ஊதினால் கொஞ்சம் குறையத்தானே செய்யும்.

மார்ச் 12, செவ்வாய்

தலைவலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 13, புதன்

வரும் புதன்கிழமை முதலாளியே வந்து விசாரிக்கிறாராம். நிரூபணம் ஆனால் தவசிக்கண்ணுவுக்கு வேலை இல்லை. ஐம்பத்தாறு வயதில், ஊதி மாட்டியவன் என்ற பேரோடு, இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி அவரிடம் ஸ்டீரிங்கைக் கொடுக்கும்?

மேனேஜர் கேட்டார். "ரெண்டாவது தடவை ஊதச் சொன்னியாம்மா? அவன் இல்லங்கான்."

"ரெஜிஸ்டர்ல இருக்கு சார்."

"குழல்ல ஏதோ வாடைங்கான்."

"பதினோரு குழலும் ஒரே டப்பாவுல இருந்ததுதான் சார். மத்தவங்க எல்லாம் சைபர்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதில் பொய் எது? யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை. பிசைந்த சோற்றை நாய்க்கு வைத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

ரேஷன் கடை வரிசையில் பொன்னுத்தாய் நின்றாள். தவசிக்கண்ணு பெண்டாட்டி. முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் குழம்புக் கிண்ணம் போய்வரும். எட்டு வருடமாக நான் எதிரே வந்தால் அவள் ஒதுங்கிப் போவாள், நானும் கூப்பிட்டதில்லை. இன்று அவளே கிட்ட வந்தாள்.

"ஒரே ஒண்ணு கேக்கேன் மதினி. நெசமாவே குடிச்சிருந்தாவளா?"

"மெஷின் காட்டுச்சு."

"மெஷினை விடுங்க. ஒங்க மூக்குக்குத் தெரியாததா? பக்கத்துலதான நின்னிய. வாடை அடிச்சுதா?"

"மெஷின் முப்பத்தெட்டு காட்டுச்சு பொன்னுத்தாயி" என்றேன்.

"அவுக பைபிள் மேல அடிச்சுச் சத்தியம் பண்ணுதாவ. அந்தக் காலத்துலயும் இப்படித்தான் பண்ணுவாவ. அதான் எனக்குப் பயமாருக்கு. நான் ஆழ்வார்குறிச்சில அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அரிசி வாங்காமலேயே போய்விட்டாள்.

என் முறை வந்து கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். காதில் விழவில்லை.

அன்றைக்கு அவர் என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றார். பீடி வாசம். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று மாலை ரூத் வந்தாள். காலையில் நாலு ஐம்பதுக்கு நான் குழாயைத் திறந்த சத்தத்தில் எழுந்துவிட்டாள். "இந்நேரத்துக்கு எதுக்கும்மா தண்ணி பிடிக்க?" என்றாள். அப்புறம் நின்றுவிடும் என்றேன். மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்காமல் படுத்துக்கொண்டாள்.

மீன் அறுக்கும்போது அரிவாள்மணை விரலில் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாளே, விடுவாளா? பையிலிருந்து ஸ்பிரிட் எடுத்துச் சுற்றிலும் துடைத்தாள். நான் வாயால் ஊதப் போனேன்.

"ஊதாதம்மா. அதுவா காயணும். ஸ்பிரிட்னா ஆல்கஹால்தான, ஆவியா போயிரும். எங்க மேடம் ஊசி போடும்போதுகூட, காஞ்சபெறகு போடுன்னு கத்துவாங்க."

"என்னது?"

"எது?"

"ஸ்பிரிட். என்னதுன்னு சொன்ன?"

"ஆல்கஹால். ஏம்மா?"

ஒன்றும் இல்லை என்றேன். மீனை அவள்தான் கழுவிக் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் சாப்பிடவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு அவளை அனுப்பிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மார்ச் 18, திங்கள்

மூன்றே முக்காலுக்கே ஷெட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். பீரோவைத் திறந்து மெஷினை எடுத்தேன்.

காய்ந்த குழல். ஊதினேன். 0.

அதே குழலை ஸ்பிரிட்டில் துடைத்துச் செருகி ஊதினேன். மூக்கு எரிந்தது. 41.

மறுபடியும் துடைத்து ஊதினேன். 37.

கழுவி, உதறி, ஃபேன் காற்றில் காய வைத்து ஊதினேன். 0.

நாலரைக்கு வரிசை வந்தது. பத்துப் பேர். எல்லோரும் சைபர். "என்னக்கா, கண்ணு இப்பிடி செவந்திருக்கு? ஒங்களையும் ஊதச் சொல்லணும் போலயே" என்றான் இசக்கிராஜ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். குழல் விழுந்தது, ஸ்பிரிட், இரண்டாவது ஊதல் நடக்கவே இல்லை, 36 என் கைச்சரக்கு. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆவுடையப்பன் கதவைச் சாத்தினார். "பழைய குழலைக் கழுவச் சொன்னது யாருன்னு மொதலாளி கேப்பாரு. நான்னு சொல்லணும். அதை விடு. பொய்யா எழுதுனது நீ. ஒன் கையெழுத்து இருக்கு. வேலை போயிரும் ஜெபக்கனி. மக படிப்பு பாதியில கெடக்கு. தவசிக்கண்ணு என்ன, குடிக்காத உத்தமனா? அந்தக் காலத்துல அவன் குடிச்ச குடிக்கு இப்ப தண்டனைன்னு வச்சுக்கோயேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் ஒரு வாரமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். மனசுக்குள் இருந்தபோது அது நியாயமாகத் தெரிந்தது. இன்னொருத்தர் வாயிலிருந்து வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியாததை இந்த டைரியாவது தெரிந்துகொள்ளட்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை விடிகாலை. என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி தவசிக்கண்ணுவோடு குடித்தது அப்படியே வாயில் இருந்தது. நான் சட்டைப் பட்டன் போட்டுவிடும்போது முகத்தில் அடித்தது. போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும். ரூத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் ஏற்கெனவே மூன்று லீவு போட்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய் டப்பாவிலிருந்து இரண்டு ஏலக்காய் எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். டைம் கீப்பருக்கு வாடை தெரியக்கூடாது என்று. வாயில் போட்டுக்கொண்டு போனார். ஆற்றுப்பாலம் ஏறும்போது பஸ் ஹாரன் அடிப்பது வீட்டுக்குக் கேட்கும். கேட்டது. கல்லிடைக்குறிச்சி தாண்டிக் கால்வாயில் கவிழ்ந்தது. அவரும், பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மாவும் செத்துப்போனார்கள்.

குடிக்க வைத்தவன் தவசிக்கண்ணு என்று அன்று சொல்ல ஆரம்பித்தேன். இன்று வரை நிறுத்தவில்லை.

மார்ச் 20, புதன்

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ட்ரிப் முடித்து வந்த டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். தவசிக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரி போடவில்லை. ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

முதலாளி ரெஜிஸ்டரைப் பார்த்தார். "முப்பத்தெட்டு, முப்பத்தாறு. ரெண்டு தடவையும் காட்டியிருக்கு. இதுல பேச என்ன இருக்கு தவசி?"

"நான் ஒரு தடவைதான்யா ஊதுனேன்" என்றார் அவர். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னாரோ, குரலில் ஒன்றும் இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். நான் எழுந்து டப்பாவைத் திறந்து ஒரு குழலை எடுத்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளும் புறமும் துடைத்தேன். மெஷினில் செருகி எல்லோர் முன்னாலும் ஊதினேன். எண்ணை முதலாளி பக்கம் திருப்பிக் காட்டினேன். 43.

"யக்கா!" என்றான் இசக்கிராஜ்.

"என்னம்மா இது, குடிச்சிருக்கியா?"

"இல்லங்கய்யா. அன்னைக்கு அவருக்கும் இப்படித்தான் துடைச்சுக் குடுத்தேன். குழல் கீழ விழுந்துட்டு. விதிப்படி பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லணும். நான் சொல்லல. அவரா வந்து கேட்டாரு, அப்பவும் குடுக்கல. இந்த முப்பத்தாறை நானா எழுதுனேன். இப்ப எனக்குப் பதினஞ்சு நிமிசம் குடுங்க."

ரெஜிஸ்டரில் என் பெயரை எழுதி முதல் கட்டத்தில் 43 போட்டேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதே தெரியவில்லை. ஒரு மனிதனுக்கு நான் கொடுக்காமல் விட்டது இவ்வளவுதான். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

காய்ந்த குழலில் ஊதினேன். 0. இரண்டாவது கட்டத்தில் எழுதினேன்.

முதலாளி ரொம்ப நேரம் திட்டினார். மேனேஜருக்கும் பங்கு கிடைத்தது. நாளையிலிருந்து முதல் பஸ் தவசிக்கண்ணுவுக்கு. நான் வீட்டில் இருக்க வேண்டும், வேலை உண்டா இல்லையா என்று பிறகு சொல்லி அனுப்புவார்களாம். மெஷினை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

டீசல் பங்க் பக்கத்தில் தவசிக்கண்ணு நின்றார். பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மன்னிச்சிருங்க என்றேன்.

"பொன்னுத்தாயிகிட்ட நீயே போய்ச் சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டா. மொதலாளி சொன்னாலும் நம்ப மாட்டா. ஒன் மூக்கைத்தான் நம்புவா" என்றார்.

"இன்னைக்கே ஆழ்வார்குறிச்சி போறேன்."

போயிருக்கலாம். போகவில்லை. "அண்ணே" என்றேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்தது. "அன்னைக்கு அவரு கெளம்பும்போது வாடை அடிச்சுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்புனேன். ஒங்களைச் சொல்லிச் சொல்லியே..."

"தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"ஏலக்காயி." பீடியைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். "சாவி வாங்குறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து வாயைத் தொறந்து காட்டுனான். 'அவளே குடுத்தாண்ணே, வாடை வருதா பாரு'ன்னான். வரலடே, போய்ட்டு வான்னேன். நானும் அனுப்புனவந்தான்."

பங்க் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் இந்த மனிதர் என் முன்னால் வந்து நின்று, நான் பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, இதை வைத்துக்கொண்டா இருந்தார்?

"ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல? நான் ஊர் பூரா ஒங்களை ஏசுனேனே."

"ஒனக்கு ஏசதுக்கு ஒரு ஆள் வேணும்லா. சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு நீ எழுந்து நடமாடணும். இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்" என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி, "ஆனா இந்த ஒம்பது நாளு கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சி போனேன். பொன்னுத்தாயிடம் பீடியும் தேங்காய் எண்ணெயும்தான் அடித்தது என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டி முடித்துவிட்டு, அழுது முடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு என்னோடேயே பஸ் ஏறினாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ராத்திரி ரூத்துக்குப் போன் செய்து வேலை விஷயத்தைச் சொன்னேன். ஏலக்காய் விஷயத்தை நேரில்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

வேலை இல்லை என்றாலும் நாலு மணிக்கே விழிப்பு. பாத்திரம் எதுவும் தேய்க்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலு ஐம்பதுக்கு மேல் முதல் பஸ் பாலம் ஏறி ஹாரன் அடித்தது. அது தேயும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழாயைத் திறக்கவில்லை.